ஏரியும் குட்டையும்

விழா என்பது யாது? ஆண்டெல்லாம் குனிந்து உழைத்தவன் ஒரு நாளாவது நிமிர்ந்து நின்று, "இந்த உலகில் எனக்கும் ஓர் இடம் உண்டு" என்று உணரும் வேளை அது. அந்த உணர்வைத் தாராத விழா எத்தனை விளக்குகளை ஏற்றினாலும் இருளிலே நடந்த விழாவே ஆகும். இந்த அளவுகோலைக் கையிலே கொண்டு, நம் மலைநாட்டு விழா ஒன்றைக் காண்போம்.

சேலத்து வெயிலைக் கீழே விட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலே ஏற்காடு. ஏரியும் காடும் இணைந்து பெயர் தந்த ஊர் என்பர். ஆண்டுதோறும் மே திங்களில் அங்கே கோடை விழா. அண்ணா பூங்காவிலே மலர்க்காட்சி. பல்லாயிரம் பூக்களை அடுக்கிப் பறவையாகவும் விலங்காகவும் கோபுரமாகவும் சமைத்து நிறுத்துகின்றனர். ஏரியிலே படகுப் போட்டி, மேடையிலே ஆடலும் பாடலும், நாய்க் கண்காட்சி, கொழு கொழு குழந்தைகள் போட்டியுங்கூட உண்டு. மாவட்ட ஆட்சியும், சுற்றுலாத் துறையும், தோட்டக்கலைத் துறையும் கூடி நடத்துகின்றன. வெப்பத்தில் வெந்தவர் குளிர்கின்றனர், குழந்தைகள் துள்ளுகின்றனர், சிறுகடைக்காரர் நான்கு காசு காண்கின்றனர். இதனை வேண்டாமென்பார் எவருமிலர். நாமும் வேண்டாமென்றிலோம். மகிழ்ச்சியைப் பழிப்பது சீர்திருத்தம் ஆகாது.

ஆயினும், ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. ஏரிக்கு விழா உண்டு. குட்டைக்கு?

மஞ்சக்குட்டை என்றோர் ஊர். ஏற்காடு வட்டத்து ஊராட்சிகளில் ஒன்று. சேர்வராயன் மலையின் மடிப்புகளிலே காப்பிக்கும் மிளகுக்கும் இடையே வாழும் சிற்றூர்களின் தொகுதி. அங்கும் பெரும்பகுதியினர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரள மொழியினர் என்று எண்ணிவிட வேண்டா. அவர் தமிழர், தமிழ் பேசுவோர், மலைமேல் வாழ்வதால் வந்த பெயர் அது. அந்த ஊர்க்காரருக்கு மலர்க்காட்சியிலே என்ன இடம்? நுழைவுச்சீட்டு வாங்கினால் பார்க்கலாம். சுமை தூக்கலாம், சோளம் சுடலாம், வண்டி நிறுத்த வழி காட்டலாம். மேடை ஏறினால் ஆடலாம். ஆனால் அவர் அறிந்ததைச் சொல்வதற்கு, "இதோ இந்தச் செடியை நான் அறிவேன், கேளுங்கள்" என்று எடுத்துரைப்பதற்கு ஓர் இடம் வேண்டாமா?

பார்ப்பதற்கு உரிமை இருந்தால் போதாதோ என்று கேட்பர் சிலர். போதாது என்பதே நம் விடை. அறிவைப் பெறுவதற்கு மட்டுமன்று, அறிவைத் தருவதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு. பெறும் உரிமையை மட்டும் கொடுத்து, தரும் உரிமையை மறுப்பது, பந்தியிலே அமர்த்திச் சோறிட்டு, "உன் வீட்டுச் சோற்றை மட்டும் நாங்கள் தொடமாட்டோம்" என்பதற்கு ஒப்பாகும். அப்படிப்பட்ட விருந்தின் பொருளை இந்த நாட்டிலே நாம் நன்கறிவோம்!

பார்க்கப்படுவதும் பங்கு கொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு உலக வரலாற்றிலேயே கசப்பான சான்று ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டு பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அணுவின் வடிவிலே வானளாவிய மாளிகை எழுப்பி, அறிவியல் யுகம் பிறந்தது என்று முழங்கினர். அதே கண்காட்சியிலே, காங்கோ நாட்டு மக்களை வேலிக்குள் அமைத்த குடிசைகளில் கைவேலை செய்யவிட்டு வேடிக்கை காட்டினர். வந்தவர் சிலர் வாழைப்பழம் வீசினர், காசு வீசினர். மானமுள்ள அம்மக்கள் வெறுத்துத் தாயகம் திரும்பினர். ஒரு பக்கம் அணு. மறு பக்கம் வேலி! அறிவியல் வளர்ந்தால் அறமும் தானாக வளர்ந்துவிடும் என்று நம்புவோர் அந்த வேலியை நினைத்துப் பார்த்தல் நலம். நம் விழாக்களிலே வேலி இல்லை. எனினும், மலைவாழ் மக்களை ஆட்டத்துக்கு மட்டும் அழைத்து, ஆய்வுக்கு அழைக்காது விடுவோமாயின், கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்றை நாமே நட்டவராவோம்.

இது புதிய கருத்தும் அன்று. தமிழின் பழைய கருத்தே. நிலத்தைப் பூவின் பெயரால் அழைத்த இனம் நம் இனம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் ஒரு பூவைக் கண்டு ஒரு நிலத்துக்கே பெயரிட வேண்டுமானால், ஒருமுறை பார்த்துச் சென்றவரால் இயலுமா? தலைமுறை தலைமுறையாக அங்கேயே நின்று நோக்கியவர்க்கே இயலும். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவிக்கவே கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. அதிலே 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்தப் பூக்களைக் கொய்து பாறையிலே குவித்தவர் யார்? அரண்மனைப் புலவரா? தினைப்புனம் காக்கச் சென்ற மலைமகளிர்! மன்னனுக்குத் தமிழின் உயர்வைக் காட்ட முனைந்த புலவர், மலைப்பெண்ணின் கைப்பூவை எடுத்துக் காட்டினார். அவரை வெறுங்காட்சிப் பொருளாக வைத்தாரில்லை, அறிந்தவராக வைத்தார்.

இன்று நிலை என்ன? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் வகுப்பறையிலே காண்பதைச் சொல்கிறோம். "உனக்குத் தெரிந்த மலர்கள் பத்தினை எழுது" என்றால், மலைவீட்டுச் சிறுமி ரோஜா, மல்லிகை, தாமரை என்று பாடநூல் வரிசையையே எழுதி நீட்டுகிறாள். பள்ளிக்கு வரும் வழியிலே அவள் கடந்த பூக்கள் எத்தனை! எந்தத் தழை ஆட்டுக்கு ஆகும், எந்தக் காய் வாயைக் கூசச் செய்யும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவை "அறிவு" என்று அவளிடம் எவரும் சொன்னதில்லை. தான் அறிந்ததை அறிவென்றே அறியாத குழந்தை, நாளை மலையைவிட்டு இறங்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்கும். வறுமை வயிற்றைச் சுருக்கும். இந்த வெட்கமோ நெஞ்சையே சுருக்கிவிடும்.

மலையிலே காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு, காலடியில் கிடக்கும் கல்லையே எடுத்துக் காட்டுவோம். சேர்வராயன் மலையின் உடலாக அமைந்த கருங்கல் வகைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவிலே உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலக் கும்பினி அலுவலரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியலறிஞர், 1893-இல் அவர் பெயரையே அந்தக் கல்லுக்குச் சூட்டினார். அதே வகைக் கல் சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும், இங்கே நம் மலையிலும் உண்டு. பூமியின் ஆழத்திலே, பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கல்! அதன்மேல் ஆடு மேய்க்கிறான் சிறுவன். அதை உடைத்துச் சுவர் எழுப்புகிறான் தந்தை. எந்தக் கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று தந்தைக்குத் தெரியும். அதன் வயது என்ன என்று அறிஞருக்குத் தெரியும். இவ்விருவரும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசும் நாள் எந்நாள்?

காப்பியையே எடுத்துக்கொள்வோம். சேலம் ஆட்சித் தலைவராக இருந்த காக்பர்ன் காலத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்தச் செடி இம்மலைக்கு வந்தது. வரலாற்று நூல்களிலே அவர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் எந்தப் பழம் பறிக்கும் பதம், எது இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும் என்று நிறத்தைக் கண்டும் விரலால் தொட்டும் சொல்லும் பெண்ணின் பெயர் எந்த நூலில் இருக்கிறது? மலையுச்சியிலே வெட்டிய பாக்சைட்டு மண் மேட்டூர் ஆலைக்குச் சென்று அலுமினியம் ஆயிற்று. தட்டாகவும் குண்டானாகவும் அது வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, "இது உன் மலையின் மண்" என்று சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

அறிவின் கூடத்திலே ஓர் ஏழைக்கு ஓர் இருக்கை கிடைத்தால் என்ன விளையும் என்பதை இலண்டன் மாநகரம் கண்டது. மைக்கேல் பாரடே கொல்லன் மகன். புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகியவர். பல்கலைக்கழகத்தின் படியை மாணவராய் மிதியாதவர். 1812-இல் கடைக்கு வந்த ஒருவர் தந்த சீட்டினால், இராயல் கழகத்திலே ஹம்ப்ரி டேவியின் அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதோடு நின்றாரா? குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். "நீங்கள் தந்ததை நான் எப்படி வாங்கிக்கொண்டேன், பாருங்கள்" என்று திருப்பித் தந்தார். அடுத்த ஆண்டே அக்கழகத்தில் பணி கிடைத்தது. 1831-இல் காந்தத்தின் அசைவால் மின்னோட்டம் பிறப்பதைக் கண்டுபிடித்தார். இன்று மேட்டூர் அணையிலே தண்ணீர் சுழற்றும் மின்னாக்கி ஒவ்வொன்றும் அந்த உண்மையின்மேல்தான் சுழல்கிறது. 1825-இல் தொடங்கி இன்றும் அக்கழகத்தில் இளைஞர்க்காக நடக்கும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளிலே, அந்தக் கொல்லன் மகனே பலமுறை நின்று, ஒரு மெழுகுத்திரியை வைத்துக்கொண்டு இயற்கையின் விதிகளையெல்லாம் விளக்கினார். கேட்டவர் கூறுபவர் ஆனார்! சீட்டின் பெருமை அவரை உள்ளே விட்டதோடு முடியவில்லை. மேடை வரை அவரை வரவிட்டதிலே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "மலைமக்கள் அறிவு என்று போற்றுகிறீரே, அதிலே மூடநம்பிக்கையும் கலந்திருக்குமே! பேயோட்டுதலையும் மேடையேற்றுவீரோ?" நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை சொல்வோம். ஒருவனுடைய அறிவைக் கேலி செய்வது அவனுக்கு இழைக்கும் அவமதிப்பு. அது போன்றே, கேள்வியே கேளாமல் தலைமேல் வைத்துக் கூத்தாடுவதும் அவமதிப்புத்தான்; ஏனெனில், "இவன் சோதனைக்கு நிற்கத் தகுதியற்றவன், சும்மா புகழ்ந்துவிட்டுப் போவோம்" என்ற எண்ணம் அதன் அடியிலே ஒளிந்திருக்கிறது. அறிஞர் அவையில் ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால் நாற்புறமும் கேள்வி எழுகிறதே, அது அவருக்குச் செய்யும் மரியாதை. அந்த மரியாதையை மலை மருத்துவச்சிக்கும் செய்வோம். "இந்த வேர் காய்ச்சலை எப்படித் தணிக்கும்? எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? தணியாதவர் உண்டா?" என்று கேட்போம். நிற்பது நிற்கட்டும், உதிர்வது உதிரட்டும். நகரத்தார் நம்பிக்கைகளையும் அதே தராசிலே வைப்போம். நாள் பார்த்து, இராகுகாலம் பார்த்து விழாவைத் தொடங்கிவிட்டு, மலைமக்களின் மூடநம்பிக்கையைப் பேச எவர்க்கு உரிமை உண்டு?

சோதனை என்பது அச்சுறுத்துவதாகவும் இருக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் தமிழகத்தின்மேல் வந்தது. கோவையிலும் திண்டுக்கல்லிலும் முழு வளையமாகத் தெரிந்தது. பிற இடங்களிலே பெரும்பகுதி மறைந்த கதிரவனாய்த் தெரிந்தது. 1980 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும் பள்ளிகளும், பாதுகாப்பான கண்ணாடிகளைக் கொடுத்து மக்களைத் திடலிலே நிறுத்தின. பாம்பு விழுங்குகிறது என்று கதை கேட்டு வளர்ந்தவர், நிலவு குறுக்கே நகர்வதைத் தம் கண்ணாலேயே கண்டனர். கிரகண நேரத்தில் உண்டும் காட்டினர். நூறு சொற்பொழிவு செய்ய முடியாததை ஒரு காலைப்பொழுது செய்தது. காரணம் என்ன? அங்கே எவரும் மக்களுக்காகப் பார்க்கவில்லை, மக்களே பார்த்தனர்.

மற்றொரு மறுப்பு: "சாலை வேண்டும், மருத்துவர் வேண்டும், குடிநீர் வேண்டும்; இவற்றின் நடுவே கலையும் அறிவியலும் எதற்கு?" சாலையும் மருத்துவரும் முதலிலே வேண்டும், ஐயமில்லை. ஆனால் அவற்றைக் கேட்கும் குரல் எங்கிருந்து பிறக்கும்? 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, வீதிதோறும் பாட்டும் நாடகமும் நடந்தன. எழுத்துக் கற்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் கற்றனர். ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். கல் உடைக்கும் பெண்ணும் களையெடுக்கும் பெண்ணும் எவர் துணையும் வேண்டாது சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றனர். பாட்டிலே தொடங்கியது பயணத்திலே முடிந்தது. ஒருமுறை பத்துப்பேர் முன் நின்று தான் அறிந்ததைச் சொன்னவள், அடுத்த முறை கிராம சபையிலே எழுந்து, "எங்கள் தெருக்குழாய் எங்கே?" என்று கேட்பாள். கலை, சோற்றுக்குப் பகை அன்று. சோறு கேட்கும் வாய்க்குப் பயிற்சி.

தன்னறிவைத் தான் மதியாதவன் எதை இழப்பான் என்பதற்கு மஞ்சளே சான்று. மஞ்சக்குட்டை என்று சொல்லும்போதே நினைவில் வருகிறதல்லவா மஞ்சள்! புண்ணை ஆற்ற மஞ்சள் தடவுவது நம் பாட்டிமார் அனைவரும் அறிந்தது. 1995-இல் அமெரிக்காவிலே அதற்குக் காப்புரிமை வழங்கிவிட்டனர். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி, பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக வைத்து, 1997-இல் அதனை நீக்கச் செய்தது. இதிலே உள்ள பாடம் கூர்மையானது. கோடிப் பாட்டிமார் சொன்னது சான்றாகவில்லை. ஏட்டிலே எழுதியிருந்ததே சான்றாயிற்று. அப்படியானால், ஏட்டிலே ஏறாத மலையறிவின் கதி என்ன?

சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அந்த ஊர்மக்களைக் கலந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது எழுத வேண்டும். செடி, விதை, விலங்கு, அவற்றைப் பற்றிய மக்களறிவு அனைத்தும் அதிலே இடம்பெற வேண்டும். அலுவலர் ஒருவர் அறையிலே அமர்ந்து படிவம் நிரப்பினாலும் பதிவேடுதான். ஊரே திடலிலே கூடி, கொண்டாடி எழுதினாலும் பதிவேடுதான். எது உயிருள்ளது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, ஏரியிலே நடக்கும் விழா நடக்கட்டும். குட்டைக்கும் ஒரு நாள் வேண்டும் என்கிறோம். மஞ்சக்குட்டை போன்ற ஊரின் பள்ளித் திடலோ சமுதாயக் கூடமோ போதும். பூக்கோபுரம் வேண்டா. ஒரு மூலையிலே சாமையும் கேழ்வரகும், அவற்றை விளைத்தவர் பக்கத்திலே. ஒரு மூலையிலே மலைக்கற்கள், உடைத்தவரும் ஆராய்ந்தவரும் அருகருகே. செடிகளுக்கு ஊர் வழங்கும் பெயரும் அறிவியற் பெயரும் ஒரே அட்டையிலே. ஏற்காட்டிலே இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அந்த அறிஞர்கள் விருந்தினராக வரட்டும். கற்பிக்கவும் வரட்டும், கற்கவும் வரட்டும். மாலையிலே எருதாட்டமும் பாட்டும். ஆடுவோரே தங்கள் ஆட்டத்தின் கதையைச் சொல்லட்டும். இரவிலே ஒரு தொலைநோக்கி, நிலவின் மேடுபள்ளங்களை ஊரே காண.

இதற்கு நாம் வைக்கும் நிபந்தனைகள் சிலவே. காட்டுபவரிலே பெரும்பாலோர் ஊராராக இருத்தல் வேண்டும். எவரும் எவரையும் கேள்வி கேட்கலாம்; சிறுமி அறிஞரைக் கேட்கலாம், அறிஞர் கிழவியைக் கேட்கலாம். விளக்கம் தமிழிலே இருத்தல் வேண்டும். இருக்கை வரிசையிலே சாதியும் பதவியும் தலைகாட்டக் கூடாது. மாலை கலையும்போது, பதிவேட்டிலே புதிதாக ஒரு பக்கமேனும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எதை எழுதலாம், எதை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளிக்கும் உரிமை ஊராரிடமே இருத்தல் வேண்டும்.

பெருஞ்செலவு இதற்கு இல்லை. வேண்டியது மனமாற்றம். "கற்றவன் தருவான், கல்லாதவன் பெறுவான்" என்ற பழைய வரிசையைக் கலைக்கும் துணிவு. நூற்றாண்டுகளாக இந்த நாட்டிலே அறிவு மேலிருந்து கீழே மட்டும் ஒழுகியது. கேட்பதற்குங்கூடச் சிலருக்குச் செவி மறுக்கப்பட்டது. அந்தத் தடையை உடைத்துக் கேட்கும் உரிமையைப் பெற்றோம். அது பாதி வெற்றி. சொல்லும் உரிமையைப் பெற்றாலன்றோ முழு வெற்றி!

ஏரி பெரிது, குட்டை சிறிது. ஆயினும் மழை இரண்டையும் ஒன்றாகவே நனைக்கிறது. வானம் இரண்டிலும் முழுதாகவே தெரிகிறது. குனிந்து பார்ப்பவர்க்கு அது விளங்கும். ஆசிரியர்களே, இளைஞர்களே, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களே! வரும் கோடைக்குள் உங்கள் ஊரிலே ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளிலே மலைவீட்டுச் சிறுமி ஒருத்தி, பாடநூலில் இல்லாத பூ ஒன்றைக் கையிலே பிடித்து, கூடியிருப்போர் முன் அதன் பெயரைத் தயங்காமல் சொல்லட்டும். கேட்டவர் அதனை எழுதிக்கொள்ளட்டும்.